கடற்காற்றும் காண்டாக்ட் லென்ஸும்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்திற்குச் சுற்றுலா செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூக்குக் கண்ணாடிக்குப் பதிலாகக் 'காண்டாக்ட் லென்ஸ்' அணிந்த உங்கள் நண்பர் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். கடற்கரைக் கோயிலை அடைவதற்குள் அவருக்குக் கண் உறுத்தத் தொடங்கிவிடுகிறது. ஏன்?

கண்ணின் முன்புறமுள்ள ஒளிபுகும் விழிவெண்படலத்தில் இரத்தக் குழாய்கள் கிடையா. இருந்தால் ஒளி தடைப்படுமே! ஆகவே அது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே, கண்ணீர்ப் படலத்தின் வழியாகப் பெறுகிறது. அந்தப் படலத்தின்மேல் மிதப்பதுதான் லென்ஸ். 1888இல் அடால்ஃப் ஃபிக் என்பவர் செய்த கண்ணாடி லென்ஸுகளைச் சில மணி நேரமே அணிய முடிந்தது. 1961ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில், செக்கோஸ்லோவாக்கியாவின் ஓட்டோ விக்டெர்லெ தம் வீட்டிலேயே, பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டுமானப் பெட்டியையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு ஒரு சுழல்பொறி அமைத்து, நீரை உறிஞ்சும் மென்மையான லென்ஸுகளை வார்த்தெடுத்தார்.

நீரை உறிஞ்சுவதே இதன் சிறப்பு; தொல்லையும் அதுவே. காற்று வீசினால் கண்ணீர் ஆவியாகி லென்ஸ் உலர்கிறது. செல்பேசித் திரையில் ஆழ்ந்தாலோ இமைப்பதே வெகுவாகக் குறைந்துவிடும். எனவே சன்னலோரம் வேண்டாம். அடிக்கடி முழுமையாக இமையுங்கள். மருத்துவர் சொன்ன ஈரமூட்டும் சொட்டு மருந்தை உடன் வைத்திருங்கள். மாமல்லபுரத்து மணலும் உப்புக்காற்றும் கோயிற் சிற்பங்களையே தேய்த்திருக்கின்றன. அவற்றைக் காக்கச் சவுக்கு மரங்களை நட்டார்கள். கண்ணுக்குச் சவுக்குத் தோப்பு, லென்ஸுக்கு மேல் அணியும் குளிர்கண்ணாடிதான்.

மணல் விழுந்துவிட்டால் கசக்காதீர்கள். லென்ஸுக்கும் விழிக்கும் இடையே சிக்கிய மணல், உப்புத்தாளைப் போலக் கீறும். கையைச் சோப்பால் கழுவி, நன்கு துடைத்துவிட்டு லென்ஸை எடுங்கள். அது கண்ணுக்குப் பின்னால் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். இமையின் உட்தோல் மடிந்து விழியோடு இணைந்திருப்பதால் போக வழியே இல்லை.

கழற்றிய லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் அலசலாமா? கூடவே கூடாது. கண்ணீரில் உப்பு சுமார் 0.9 சதவீதம், கடல்நீரில் சுமார் 3.5, குழாய்நீரில் மிகக் குறைவு. இந்த வேறுபாட்டால் சவ்வூடு பரவல் நிகழ்ந்து, நன்னீர் பட்ட மென்லென்ஸ் விழியோடு இறுக ஒட்டிக்கொள்ளும். அதைவிடப் பெரிய ஆபத்து அகாந்தமீபா என்னும் ஓரணு உயிரி. குளம், கடல், குழாய் எங்கும் அது உண்டு. கூடு கட்டிக்கொண்டால் குளோரினுக்கும் எளிதில் மடியாது. விழிவெண்படலத்தில் புகுந்தால் பார்வையையே பறித்துவிடலாம். 1980களில் அமெரிக்காவில், உப்பு மாத்திரையைக் கரைத்து வீட்டிலேயே கரைசல் தயாரித்தவர்கள் பலர் இந்நோய்க்கு ஆளானார்கள். ஆகவே கடைகளில் முத்திரையுடன் கிடைக்கும் லென்ஸ் கரைசல் மட்டுமே. அதையும் நேற்றைய மிச்சத்தோடு சேர்க்காமல் தினமும் புதிதாக ஊற்ற வேண்டும். அலையில் இறங்குமுன் லென்ஸைக் கழற்றிப் பழைய மூக்குக் கண்ணாடிக்கு மாறிவிடுவது நல்லது. இரவிலும் அணிந்தபடி தூங்கலாகாது.

லென்ஸை எடுத்த பின்னும் வலி, சிவப்பு, வெளிச்சம் கண்டால் கூச்சம், மங்கல் இருந்தால் மருந்துக்கடைச் சொட்டு மருந்தோடு நின்றுவிடாதீர்கள். அன்றே செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்கோ, அருகிலுள்ள கண் மருத்துவரிடமோ செல்லுங்கள். கழற்றிய லென்ஸையும் அதன் டப்பியையும் எறிந்துவிடாமல் கையோடு கொண்டுபோங்கள். கிருமி எது என்று சோதித்தறிய அவை உதவும்.