சேனலின் பெயர் சேனலை வளர்க்குமா?

வாய்க்காலில் மடை திருப்பிவிட்டு வரப்பில் அமரும் நேரத்திலும் கைப்பேசியில் வீடியோ பார்க்கும் காலம் இது. பார்ப்பதோடு நில்லாமல், தம் தோட்டத்தில் கண்டதைத் தாமே படம்பிடித்து யூடியூபில் வெளியிடும் விவசாயிகளும் பெருகி வருகின்றனர். மஞ்சள் தூள், செக்கு எண்ணெய், பாரம்பரிய அரிசி, நாட்டுக்கோழிக் குஞ்சு என்று தம் விளைபொருளை இடைத்தரகர் இன்றி விற்க, இதையே ஒரு சந்தையாக்கிக் கொண்டவர்களும் உண்டு. பயிற்சிக்கு வரும் இத்தகைய விவசாயிகள், உரமும் பூச்சிமருந்தும் பேசி முடித்தபின் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரு வருடமாக வீடியோ போடுகிறேன், பார்ப்பவர் கூடவில்லை. பெயரை மாற்றினால் சரியாகுமா?"

இது சிறிய கேள்வி அன்று. பெயரை மாற்றினால் அச்சடித்த பைகள் வீணாகும். பழைய பெயரை நினைவில் வைத்துத் தேடி வரும் வாடிக்கையாளர் கைவிட்டுப் போகலாம். எண் கணிதம் பார்த்துப் பெயர் வைத்துத் தருகிறோம் என்று பணம் பறிப்போரும் புறப்பட்டுவிட்டனர். ஆகவே, ஒரு புது இரகத்தைப் பயிரிடுமுன் எப்படி ஆய்ந்து பார்க்கிறோமோ, அப்படியே இதையும் ஆய்ந்து பார்த்தல் நலம்.

பெயர் எப்போது கண்ணில் படுகிறது?

யூடியூபைத் திறந்ததும் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது முகப்புப் படம். அடுத்து, அந்த வீடியோவின் தலைப்பு. சேனலின் பெயர் அதற்கும் கீழே, சிறிய எழுத்தில் இருக்கிறது. உங்களை முன்பின் அறியாத ஒருவர் பெயரைப் படித்துவிட்டு வீடியோவைத் தொடுவது அரிது. படமும் தலைப்பும் பிடித்திருந்தால் தொடுவார். பார்த்தது பயனுள்ளதாக இருந்தால் மட்டுமே, இது யாருடையது என்று பெயரை நோக்குவார்.

தேடி வருவோரின் நிலையும் இதுவே. 2016-ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ தோன்றியபோதும், 2018-ஆம் ஆண்டு மக்காச்சோளத்தில் படைப்புழு வந்து குருத்தைத் தின்றபோதும், கவலையோடு கைப்பேசியை எடுத்த விவசாயி எதைத் தேடியிருப்பார்? பூச்சியின் பெயரையும் பயிரின் பெயரையும்தான். அந்நேரத்தில் தலைப்பில் "படைப்புழு" என்ற சொல்லை வைத்திருந்தவருக்கு அது உதவியிருக்கும். சேனலின் பெயர் உழவன் என்றிருந்தாலும், கதிர் என்றிருந்தாலும் அவருக்கு ஒன்றே.

அப்படியானால் பெயரால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் அது வேறிடத்தில் இருக்கிறது. ஒருமுறை பார்த்தவர் மறுபடி உங்களைக் கண்டுபிடிக்கவும், டீக்கடையில் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லவும் பெயர் வேண்டும். பெயரை விதைக்கு ஒப்பிடுவது தவறு. மூட்டையில் கட்டிவிடும் சீட்டுக்கு ஒப்பிடுவதே பொருந்தும். சீட்டு விளைச்சலைக் கூட்டாது. ஆனால் சீட்டு இல்லாத மூட்டை எந்த வீட்டு நெல் என்று எவருக்கும் தெரியாது.

ஒரே வகைப் பெயர், வேறு வேறு மகசூல்

கிராமத்துச் சமையலைக் காட்டும் சேனல்களை எடுத்துக் கொள்வோம். திருப்பூரைச் சேர்ந்த ஆறுமுகம் என்ற முதியவர் சமைத்துக் காட்டும் 'வில்லேஜ் ஃபுட் ஃபேக்டரி' 2016-இல் தொடங்கியது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தைச் சேர்ந்த பெரியதம்பி அவர்களும் அவருடைய பேரப்பிள்ளைகளும் 2018-இல் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' தொடங்கினர். பின்னது 2021-ஆம் ஆண்டு ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டியது. தமிழ்ச் சேனல்களில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது அதுதான்.

இரண்டாவதாக வந்தவர்கள், முன்னவருடைய பெயரைப் போன்ற ஒரு பெயரோடுதான் களத்தில் இறங்கினர். கிராமம், சமையல், சேனல் என்பதற்கு மேல் அந்தப் பெயரில் ஒன்றுமில்லை. புதுமையும் இல்லை, கவர்ச்சியும் இல்லை. பிறகு அதே 'வில்லேஜ்' என்ற சொல்லை முன்னே ஒட்டிக்கொண்டு எத்தனையோ சேனல்கள் புறப்பட்டன. பெரும்பாலானவை முளைவிட்டதோடு நின்றன. ஒரே இரகத்தைப் பத்துப் பேர் விதைத்து, ஒருவர் நிலத்தில் மட்டும் கதிர் சாய்ந்து விளைந்தால், இரகத்தைப் பாராட்டுவோமா, நிலத்தையும் நடவையும் போய்ப் பார்ப்போமா?

பெரிய அண்டா, வயல்வெளி, அம்மியில் அரைக்கும் மசாலா, எல்லோரையும் சாப்பிடக் கூப்பிடும் பெரியவரின் குரல், கடைசியில் முதியோருக்குப் பந்தி. இவைதான் மக்கள் மனத்தில் நின்றவை. ஆறுமுகம் அவர்களைப் பலரும் 'டாடி ஆறுமுகம்' என்றே சொல்கின்றனர். சேனலின் பெயரைச் சொல்வோர் குறைவு. ஆந்திரத்தில் 'கன்ட்ரி ஃபுட்ஸ்' என்ற சேனலில் சமைத்து, 2018-இல் மறைந்த மஸ்தானம்மா பாட்டியின் கதையும் இதுவே. பாட்டியை உலகமே அறியும். முகமே பெயராகிவிட்ட இடங்கள் இவை.

நெல் இரகங்களைக் கேளுங்கள்

நமக்குப் பழக்கமான எடுத்துக்காட்டு நெல்லிலேயே இருக்கிறது. 1966-இல் பிலிப்பைன்சு நாட்டுச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8 இரகத்துக்குப் பெயரென்று ஒன்றுமில்லை. இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும்தான். ஆனால் மகசூலைக் கண்ட மக்கள் அந்த எண்ணையே பெயராக்கிக் கொண்டனர். வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஒரு விவசாயி தம் மகனுக்கே அந்த எண்ணைப் பெயராகச் சூட்டினார் என்பது நெல்லாராய்ச்சி வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் செய்தி. பொருள் நன்றாக இருந்தால் எண்ணும் இனிய பெயராகிவிடும்.

மறுபுறம் பொன்னியைப் பாருங்கள். மலேசியாவிலிருந்து வந்த மாசூரி இரகத்துக்குக் காவிரியின் பெயரை இட்டனர். வாயில் எளிதில் வருவது, காதுக்கு இனியது, நம் மண்ணுக்கு உரியது. 1986-இல் வெள்ளைப் பொன்னி வெளிவந்தபின் அந்தப் பெயர் இல்லத்தரசிகள் வரை சென்றது. இன்று அரிசிக் கடையில் டீலக்ஸ் பொன்னி, கர்நாடகப் பொன்னி என்று எத்தனையோ அரிசிகள் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு விற்கின்றன. சோறு நன்றாக இருந்ததால் பெயருக்கு மதிப்பு வந்தது; பெயருக்கு மதிப்பு வந்தபின் அது தனியாகவே விற்கத் தொடங்கியது. இந்த வரிசை தலைகீழாக நடந்ததை நாம் கண்டதில்லை.

பெயரைச் சோதிக்கும் முறை

உங்கள் சேனலின் பெயர் தன் வேலையைச் செய்கிறதா என்று அறியக் காசு செலவில்லாத வழிகள் உண்டு.

முதலாவது, காதுச் சோதனை. உங்கள் சேனலை அறியாத பத்துப் பேரிடம் தொலைபேசியில் பெயரை ஒருமுறை மட்டும் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டிச் சொல்லக் கூடாது. மறுநாள் அழைத்து, பெயரைத் திருப்பிச் சொல்லக் கேளுங்கள்; பிறகு யூடியூபில் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பத்தில் ஏழெட்டுப் பேர் வந்து சேர்ந்தால் பெயரைத் தொட வேண்டாம். மூன்று நான்கு பேர்தான் வந்தார்கள் எனில் எங்கே தவறினார்கள் என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் பயன் இருக்கிறது.

பெரும்பாலும் அவர்கள் தவறும் இடம் எழுத்து. நம்மவர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். 'உழவன்' என்ற பெயரை எடுத்துக் கொள்ளுங்கள். ழகரத்துக்கு இசட்டும் எச்சும் போடுவோர் ஒரு பக்கம், எல் போடுவோர் இன்னொரு பக்கம், இசட் மட்டும் போடுவோர் வேறு. 'வேளாண்மை'யில் நெடிலுக்கு ஓர் ஏ போதுமா, இரண்டு வேண்டுமா என்பதில் இரண்டு பேர் ஒத்துப்போவதில்லை. வாயால் சொல்லித் தேடுவோருக்கும் லகர, ளகர, ழகரக் குழப்பம் தீர்வதில்லை. 'கதிர்', 'மண்', 'வயல்' போன்ற சிறு சொற்களில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அவற்றைத் தனியே வைத்தால் அதே பெயரில் வேறு சேனல்கள் இருக்கும். யூடியூபில் ஒரே பெயரைப் பல சேனல்கள் வைத்துக்கொள்ளத் தடையில்லை. 2022-இல் கொண்டுவரப்பட்ட 'ஹேண்டில்' எனப்படும், 'அட்' குறியோடு தொடங்கும் அடையாளப் பெயர் மட்டுமே ஒருவருக்கு ஒன்றென இருக்கும். எனவே சிறு சொல்லோடு ஊர்ப் பெயரையோ உங்கள் பெயரையோ சேர்த்துக் கொள்வது நல்லது. ஊர்ப் பெயர் பார்ப்போரைக் குறைத்துவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். திண்டுக்கல் பூட்டும் பண்ருட்டிப் பலாவும் ஊர்ப் பெயரால் எந்தச் சந்தையையும் இழக்கவில்லை.

இரண்டாவது, கணக்குச் சோதனை. யூடியூப் ஸ்டுடியோ என்னும் செயலியில், பார்ப்பவர் எவ்வழியாக வந்தனர் என்ற விவரம் கிடைக்கும். முகப்பிலிருந்து வந்தவர், மற்ற வீடியோக்களின் பக்கத்தில் பரிந்துரையாகக் கண்டு வந்தவர், தேடி வந்தவர், வாட்சப் போன்ற வெளியிணைப்பிலிருந்து வந்தவர் என்று பிரித்துக் காட்டும். தேடி வந்தவர் என்ற வரியைத் தொட்டால் அவர்கள் தேடிய சொற்களே வரிசையாக வரும். அவற்றில் உங்கள் சேனலின் பெயரும், அதன் பிழையான வடிவங்களும் எத்தனை என்று எண்ணுங்கள். கணக்குக்காகச் சொன்னால், 28 நாட்களில் 600 பார்வைகள் தேடல் வழியாக வந்து, அவற்றில் 30 மட்டுமே பெயரைச் சொல்லி வந்தவை எனில், நூற்றுக்கு ஐந்து. இந்த ஐந்து மாதந்தோறும் ஏழு, பத்து என்று ஏறினால் பெயர் மனத்தில் ஊன்றுகிறது என்று பொருள். ஆண்டு முழுதும் அசையாமல் நின்றால், பெயர் கடினமாக இருக்கலாம். வீடியோவே மறுபடி தேடத் தூண்டவில்லை என்றும் இருக்கலாம். காதுச் சோதனையில் தேறிய பெயராயின், குறை இரண்டாவதில்தான்.

மாற்றித்தான் பார்ப்போமே என்றால்

"பெயரை மாற்றினேன், மறுமாதமே பார்வை இரட்டிப்பானது" என்று சொல்பவர்கள் உண்டு. பொய் சொல்லவில்லை, ஆனால் அது சான்றும் ஆகாது. ஒப்பீட்டுப் பாத்தி இல்லாமல் உரச் சோதனை செய்த கதை அது. உரம் இட்ட மறுவாரம் நல்ல மழை பெய்தால் பயிர் செழித்தது எதனால்? சின்ன வெங்காயம் விலை ஏறும் மாதத்தில் வெங்காய வீடியோக்களைப் பார்ப்போர் தாமாகவே கூடுவர். பொங்கலுக்கு முன் மஞ்சளும் கரும்பும் அப்படியே. பெயரை மாற்றும்போதே பலரும் படத்தையும் தலைப்பையும் ஒலியையும் சேர்த்துத் திருத்திவிடுகின்றனர். பிறகு எது வேலை செய்தது என்று எவரும் பிரித்துச் சொல்ல இயலாது.

சேனல் ஒன்றே ஒன்று என்பதால் ஒப்பீட்டுப் பாத்தி அமைக்க வழியில்லை. ஆகவே மொத்தப் பார்வையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெயரைச் சொல்லித் தேடி வந்தோரின் விழுக்காட்டையும், பழைய பார்வையாளர் திரும்பி வரும் அளவையும் மட்டும் மாற்றத்துக்கு முன் 28 நாள், பின் 28 நாள் என்று ஒப்பிடுங்கள். முதல் 28 நாளில் இவை இறங்கத்தான் செய்யும். மூன்றாம் மாதத்திலும் பழைய நிலைக்கு வராவிட்டால் மாற்றம் பலன் தரவில்லை என்று கொள்ளலாம்.

வேண்டாத பெயர்கள்

'மாதம் லட்சம்', 'ஏக்கருக்குப் பத்து லட்சம்' போன்ற பெயர்கள் முதலில் கூட்டம் சேர்க்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 2012-இல் ஈரோடு மாவட்டத்து ஈமு கோழித் திட்டங்களில் பணம் போட்டு இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். லாபத்தைப் பெயரிலேயே சொல்லும் எதையும் அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அரசுத் துறை, பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பெயர் போலத் தோன்றும் பெயர்களும் ஆகா. ஒரே பயிரின் பெயரை வைப்பது இருமுனைக் கத்தி. மல்லிகை என்று வைத்தால் மல்லிகைக்காரர் எளிதில் அடையாளம் காண்பர். நாளை நீங்கள் ஆடு வளர்ப்புக்கு மாறினால் அந்தப் பெயர் காலைச் சுற்றும். பத்தாண்டும் அதே பயிர்தான் என்பவர் தாராளமாக வைக்கலாம்.

சோதித்தபின்னும் மாற்றுவதே சரி என்று தோன்றினால், சந்தாதாரர் சில நூறு பேராக இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். 14 நாட்களுக்குள் இருமுறைதான் பெயரை மாற்ற முடியும். ஒரு லட்சம் சந்தாதாரரைக் கடந்து சரிபார்ப்புக் குறி பெற்றவர்கள் பெயரை மாற்றினால் அந்தக் குறி போய்விடும். மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். ஹேண்டிலை மாற்றினால் பழையது 14 நாட்கள் மட்டுமே உங்களுக்காக வைக்கப்படும். அதன்பின் வேறொருவர் அதை எடுத்துக்கொள்ளலாம். மாற்றிய பிறகு மூன்று மாதமாவது ஒவ்வொரு வீடியோவின் தொடக்கத்திலும் பழைய பெயரையும் வாயால் சொல்லி வாருங்கள்.

எண்ணெய்ப் பாட்டிலிலும் மாவுப் பையிலும் கியூஆர் குறி அச்சிடுவோர் ஹேண்டில் உள்ள முகவரியைப் பயன்படுத்த வேண்டாம். யூடியூப் அமைப்புகளில் மேம்பட்ட அமைப்புகள் என்ற பகுதியில், யூ, சி என்ற எழுத்துகளோடு தொடங்கும் சேனல் அடையாள எண் இருக்கும். பெயர் எத்தனை முறை மாறினாலும் அந்த எண் மாறாது. அதைக் கொண்டு அமைந்த முகவரிக்குக் கியூஆர் குறி எடுத்து, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்டுக் கொள்ளுங்கள்.