தறிகளை எண்ணிய பேராசிரியர்

பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் சர்வகலாசாலையை விட்டுச் சர்க்கார் உத்தியோகத்தில் அமர்ந்தால், அதனால் தறிக்குழியில் கால் வைத்திருக்கும் நெசவாளிக்கும் ஏர் பிடிக்கும் உழவனுக்கும் ஆவது என்ன? நம் அங்கத்தினர் பலர் உள்ளத்தில் எழக்கூடிய வினாவே இது. கற்றவர் எழுதிய அறிக்கைகள் பல, கச்சேரி அலமாரிகளில் உறங்குவதை நாம் அறிவோம். ஆயினும் நெசவாளரின் பெயரையே சர்க்கார் கணக்கில் ஏறச் செய்த அறிக்கையும் ஒன்று உண்டு. அதனை ஆக்கிய குழுவின் தலைவர் டாக்டர் பி. ஜே. தாமஸ். அவருடைய வாழ்க்கைப் பணியை நம் சங்கத்தார் அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

ஆக்ஸ்போர்டில் ஓர் ஆராய்ச்சி

தாமஸ் 1895-இல் இன்றைய கேரளப் பகுதியில் பிறந்தவர். மேற்படிப்புக்காக ஆக்ஸ்போர்டு சென்றார். அங்கே அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள் நம் நெசவாளர் வரலாறே எனலாம். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் நம் நாட்டுப் பருத்தித் துணிகளையும் சோழமண்டலக் கரையின் சாயமிட்ட சீட்டித் துணிகளையும் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றனர். சீமாட்டியரும் பணிப்பெண்களும் ஒருங்கே அவற்றை விரும்பி உடுத்தினர். அந்நாட்டுக் கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் பிழைப்பிழந்தனர். அவர்கள் பார்லிமெண்டுக்கு மனுக்கள் விடுத்தனர். தெருக்களில் கூடிக் கிளர்ச்சி செய்தனர். 1719-இல் லண்டன் வீதிகளில் சீட்டி உடுத்திச் சென்ற பெண்களின் ஆடைகளைக் கிழித்தெறியும் அளவுக்கு அக்கிளர்ச்சி முற்றிற்று.

முடிவில் அந்நாட்டுப் பார்லிமெண்டு இரு சட்டங்கள் இயற்றியது. 1700-இல் நிறைவேறிய முதற் சட்டம் இந்தியாவில் அச்சிட்டு, சாயமிட்டு வந்த துணிகளை உடுத்தலாகாது என்றது. 1721-ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்ட பருத்தித் துணிகளின் உபயோகத்தையே பெரும்பாலும் தடுத்தது. 1774 வரை அத்தடை நீடித்தது. இவ்வரலாற்றை ஆவணங்கள்கொண்டு விளக்கிய தாமஸின் நூல் 1926-இல் வெளிவந்தது.

இதில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. கையால் நெய்த துணியின் போட்டியைத் தாங்காத இங்கிலாந்து நெசவாளர், தம் குறையைத் தம் சட்டசபையின் செவியில் ஏற்றிப் பாதுகாப்புப் பெற்றனர். பிற்காலத்தில் லங்காஷயர் ஆலைத் துணி நம் சந்தைகளில் வந்து குவிந்தபோது, நம் நெசவாளருக்கு அத்தகைய சட்டசபை இல்லை. அவர் குறை இன்னதென எடுத்துரைக்கத்தக்க கணக்கும் இல்லை.

கிராமங்களை மீண்டும் காணுதல்

நாடு திரும்பிய தாமஸ், சென்னைச் சர்வகலாசாலையில் பொருளாதாரப் பேராசிரியராக 1942 வரை பணி புரிந்தார். அவருக்கு முன்பு அப்பீடத்தில் இருந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அவர் 1916 முதல் தம் மாணவரைக் கொண்டு தென்னாட்டுக் கிராமங்கள் சிலவற்றை ஆராயச் செய்து, 1918-இல் அதனை நூலாக வெளியிட்டார். இராமநாதபுரம் ஜில்லாவில் வடமலைபுரம், திருநெல்வேலியில் கங்கைகொண்டான், தஞ்சையில் பாலக்குறிச்சி, காஞ்சிக்கு அருகில் உள்ள தூசி, தென்னார்க்காட்டில் இருவேல்பட்டு ஆகியவை அவற்றுட் சில.

இருபது ஆண்டுகள் கழித்து, தாமஸ் அதே கிராமங்களுக்குத் தம் மாணவரை அனுப்பினார். நிலம் யார் கையில் இருக்கிறது, கூலி என்ன, கடன் எவ்வளவு, வீட்டில் உண்பது யாது என்று மீண்டும் விசாரிக்கச் செய்தார். கே. சி. இராமகிருஷ்ணனுடன் சேர்ந்து அவர் பதிப்பித்த மறு ஆய்வு நூல் 1940-இல் வெளியாயிற்று.

அதன் பயனைக் குடியானவர் எளிதில் உணரலாம். இரண்டு ஆய்வுகளுக்கும் இடையில் 1929-இல் தொடங்கிய உலக மந்தம் வந்து சென்றது. நெல் விலை ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. பத்து மூட்டை விற்று அடைக்க வேண்டிய கடனுக்கு இருபது மூட்டை விற்க வேண்டியதாயிற்று. பத்திரத்தில் எழுதிய தொகை மாறவில்லை. குடியானவன் சுமை இரட்டித்தது. இக்காலத்தில் தாமஸ், சர்க்கார் செலவைச் சுருக்கிக்கொண்டிராமல், கடன் பெற்றேனும் பொது மராமத்து வேலைகளை மேற்கொண்டு மக்களின் வாங்கும் சக்தியை உயர்த்த வேண்டும் என வாதாடினார். இக்கருத்தை உலகெங்கும் பரப்பிய கெயின்ஸின் நூல் 1936-இல் வெளிவருமுன்னரே தாமஸ் அவ்வழியில் சிந்தித்தார் என்று பொருளாதார வரலாற்றாசிரியர் கூறுவர்.

இங்ஙனம் கல்லூரியில் இருந்த காலத்திலேயே அவருடைய முறை உருவாகிவிட்டது. யோசனை கூறுமுன் இடத்துக்குச் சென்று எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணியதைச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் சென்று சரிபார்க்க வேண்டும். இதுவே அம்முறை. இருவேல்பட்டுக்கும் தூசிக்கும் பிற்கால ஆய்வாளரும் மீண்டும் மீண்டும் சென்றமைக்கு இம்முறையே காரணம்.

உண்மையறியும் குழு

1941-இல் இந்திய சர்க்கார் கைத்தறி, ஆலை ஆகியவற்றின் நிலையை ஆராய ஒரு குழுவை நியமித்துத் தாமஸை அதன் தலைவராக்கிற்று. உண்மையறியும் குழு என்பது அதன் பெயர். அக்காலத்தில் ஆலைக்காரர் ஒன்று கூறினர். கைத்தறியாளர் வேறொன்று கூறினர். ஆலைத் துணி தம் பிழைப்பைப் பறித்ததென்பது நெசவாளர் முறையீடு. கைத்தறிக்கு நூல் அளிப்பவரே தாம் என்பது ஆலைக்காரர் மறுமொழி. எந்தெந்த ரகங்களில் நேர்ப்போட்டி உண்டு, எவற்றில் இல்லை எனப் பிரித்துக் காட்டும் வேலை குழுவைச் சார்ந்தது.

அதற்கு முன்னர் அறிய வேண்டியது தறிகளின் தொகை. அஃது எளிய காரியமன்று. ஆலை தன் உற்பத்தியை ஏட்டில் பதிகிறது. நெசவாளி வீட்டில் நெய்ததைச் சந்தையிலோ வியாபாரியிடமோ கொடுத்துவிடுகிறான். அதற்கு ஏடு எங்கே? ஜனத்தொகைக் கணக்கிலும் முழு விவரம் கிட்டாது. பாதி நாள் உழுது பாதி நாள் நெய்பவன் குடியானவனாகவே எழுதப்பட்டு விடுவான். தார் சுற்றும் மனைவியும் பாவுக்குத் துணை நிற்கும் பிள்ளைகளும் ஒரு கணக்கிலும் சேரமாட்டார். 1941-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கோ யுத்தத்தை முன்னிட்டுச் சுருக்கப்பட்டிருந்தது.

துணியின் அளவை அறிய நெடுநாளாக வழங்கிவந்த வழி நூற்கணக்கு. ஆலைகள் நூற்ற நூலோடு இறக்குமதியைக் கூட்டி, ஆலைகளே நெய்துகொண்டதையும் ஏற்றுமதியையும் கழித்தால், எஞ்சியதில் பெரும்பகுதி கைத்தறிக்குச் சென்றதாகும். ஒரு ராத்தல் நூலுக்கு நான்கு கெஜம் துணி என மதிப்பிடுவது வழக்கம். இதில் உள்ள குறையை நம் நெசவாளர் உடனே கண்டுகொள்வர். 20-ஆம் நம்பர் நூலில் ராத்தலுக்கு 840 கெஜ நீளமுள்ள சிட்டம் இருபது. 80-ஆம் நம்பரில் எண்பது. முரட்டு நூலுக்கும் சன்ன நூலுக்கும் ஒரே கணக்கு எங்ஙனம் பொருந்தும்? ஆதலின் நூற்கணக்கு மட்டும் போதாது. தறியையும் எண்ணியாக வேண்டும்.

மாகாணங்களிலும் சமஸ்தானங்களிலும் விவரம் திரட்டி, 1942-இல் குழு தன் அறிக்கையை அளித்தது. நாட்டில் ஏறத்தாழ 20 லட்சம் தறிகள் உள்ளன. நெசவையும் அதைச் சார்ந்த வேலைகளையும் நம்பி வாழ்வோர் குடும்பத்தாரையும் சேர்த்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் என்பது அதன் மதிப்பீடு. அழிந்துவரும் பழந்தொழில் எனப் பலர் கருதியிருந்த கைத்தறி, உழவுக்கு அடுத்தபடியாக எண்ணற்ற குடும்பங்களைத் தாங்கி நிற்பது அப்போது வெளியாயிற்று.

மற்றொன்றையும் குழு புலப்படுத்திற்று. தானே நூல் வாங்கித் தானே விற்கும் சுயேச்சை நெசவாளர் குறைந்து வந்தனர். மாஸ்டர் வீவர் என நாம் அழைக்கும் முதலாளியிடம் நூல் பெற்றுக் கூலிக்கு நெய்வோர் பெருகினர். கூட்டுறவுச் சங்கங்களில் சேர்ந்தோர் சிறு தொகையினரே. சென்னை மாகாண நெசவாளர் தலைமைச் சங்கம், அதாவது இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்குவது, 1935-இல்தான் தோன்றியிருந்தது. நூல் வழங்கல், விற்பனை, ஆராய்ச்சி ஆகியவற்றைக் கவனிக்க அகில இந்திய அளவில் கைத்தறி போர்டு ஒன்று அமைய வேண்டும் என்பது குழுவின் முக்கிய யோசனை.

பேராசிரியர் சர்க்காரில்

1942-இல் தாமஸ் சர்வகலாசாலையை விட்டு இந்திய சர்க்காரின் பொருளாதார ஆலோசகர்களுள் ஒருவரானார். அவ்வாண்டு ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் மூண்டது. தலைவர்கள் சிறையில் இருக்கையில் அந்நிய சர்க்காரில் ஒரு கல்விமான் பதவி ஏற்பது தகுமா என்ற கேள்வி எழுவது இயல்பே. அதனை நாம் மறைத்தல் கூடாது. பதவியினால் அவர் இழந்ததும் உண்டு. பேராசிரியர் தம் கருத்தை மேடையில் உரைக்கலாம், பத்திரிகையில் எழுதலாம். ஆலோசகர் கூறுவது கோப்பில் அடங்கும். ஏற்பதும் தள்ளுவதும் பிறர் கையில்.

அறிக்கைக்கு நேர்ந்ததும் இதனைக் காட்டும். யுத்தத்தால் நூல் விலை ஏறித் தறிகள் நின்ற காலத்தில் அது வெளிவந்தது. கைத்தறி போர்டு அமைந்ததோ 1945-இல். மூன்றாண்டு என்பது கோப்புக்குச் சிறிது காலம். நூலின்றி இருக்கும் நெசவாளி வீட்டுக்கு அது நெடுங்காலம்.

ஆயினும் அறிக்கை வீண் போகவில்லை. 1943-இல் துணி, நூல் கட்டுப்பாட்டு உத்தரவு வந்து, நூல் பங்கிட்டு வழங்கும் நிலை ஏற்பட்டது. பங்கிடுவதற்குத் தறிக்கணக்கு வேண்டும். எண்ணப்பட்ட தறிக்கே நூல் கேட்கும் உரிமை உண்டாயிற்று. அந்நாளில் சென்னை மாகாணத்தில் நெசவாளர் திரள்திரளாகச் சங்கங்களில் சேர்ந்ததற்கு இது ஒரு காரணம். சுதந்திரத்துக்குப் பின் 1952-இல் அகில இந்தியக் கைத்தறி போர்டு புதிதாக அமைந்தது. அவ்வாண்டு இறுதியில் ஆலைகள் வேட்டி நெய்வதற்கு வரம்பு கட்டப்பட்டது. 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆலைத் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று பை, அக்கால வழக்கில் மூன்று தம்பிடி, தீர்வை விதித்து, அத்தொகை கதர், கைத்தறி வளர்ச்சிக்கு ஒதுக்கப்பட்டது. இவையெல்லாம் ஓர் அறிக்கையின் விளைவே என்று கூறுதல் மிகை. நெசவாளரும் தலைவரும் பல்லாண்டு போராடிப் பெற்றவை இவை. அப்போராட்டத்தில் எடுத்துக் காட்டுவதற்கு ஓர் எண்ணிக்கை இருந்தது. அதனை அளித்தது தாமஸ் குழு.

பின்னர் தாமஸ் 1957 முதல் 1962 வரை ராஜ்ய சபை அங்கத்தினராகவும் இருந்தார். 1965-இல் காலமானார்.

நம் கடமை

போர்டுகள் தோன்றும், மறையும். அகில இந்தியக் கைத்தறி போர்டு 2020 ஜூலையில் கலைக்கப்பட்டது. எண்ணும் வேலையோ நிற்கவில்லை. 1987-88-இல் முதலாவது தேசியக் கைத்தறிக் கணக்கெடுப்பு நடந்தது. 2019-20-இல் நடந்த நான்காவது கணக்கெடுப்பு, நாட்டில் சுமார் 28 லட்சம் தறிகளும் 35 லட்சம் தொழிலாளரும் இருப்பதாகக் காட்டிற்று. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். தாமஸ் காலத்தில் கணக்கில் ஏறாதிருந்த தார் சுற்றும் கை, இன்று ஏட்டில் ஏறியுள்ளது என்பது மகிழ்ச்சிக்குரியது.

எந்தப் பேராசிரியர் எந்தப் பதவியில் அமர்ந்தாலும், அவர் கணக்கு நம் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகிறது. நின்றுபோன தறியை ஓடுவதாக எழுதிவைத்தால் இன்று சிறு சலுகை கிட்டலாம். நாளை கைத்தறி செழித்திருப்பதாகக் கூறி உதவியைக் குறைப்பதற்கு அதுவே சான்றாகும். ஓடும் தறியைச் சொல்லாது விட்டாலோ நம் பங்கு பிறருக்குப் போகும். வீட்டுப் பெண்களின் உழைப்பை 'சும்மா உதவி செய்கிறார்கள்' என்று சொல்லித் தள்ளினால், காப்பீடும் கூலி உயர்வும் கேட்கும் நாளில் அவர்கள் பெயர் இராது. குடியானவரும் தம் சங்கத்தில் சாகுபடிப் பரப்பையும் கடனையும் உள்ளபடி பதிதல் வேண்டும்.

ஆகவே சங்கத்துத் தறிப் பதிவேட்டை ஆண்டுக்கொருமுறை நிர்வாகக் கமிட்டியார் வீடு வீடாகச் சென்று சரிபார்த்து, பொதுக்கூட்டத்தில் படிப்பது நன்று. ஒரு மாலைப் பொழுதில் முடியத்தக்க வேலை அது. அதைச் செய்து வைத்த சங்கம், எண்ண வருபவரிடம் தன் நிலையை மெய்யாகக் காட்டும்; கேட்க வேண்டியதையும் தயங்காது கேட்கும்.