கார் மக்கர் பண்ணுகிறதா? காதைக் கொடுங்கள்!

குழந்தைக்கு ஜுரம் கொதிக்கிற ராத்திரியாகப் பார்த்துத்தான் பழைய கார் மக்கர் பண்ணும்! எங்கள் வீட்டு அம்பாசிடர், மாமனார் 1984-ல் வாங்கியது. 2014-ல் அந்தக் காரின் உற்பத்தியே நின்று போயிற்று. ஆனாலும் மாமியாரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக எங்களுக்கு அதுதான் கதி. நாள் தவறினால் மூச்சு முட்டும் அவருக்கு. அதனாலேயே வண்டியின் பாஷையைக் கற்றுக்கொண்டேன்.

சாவியைத் திருப்பியதும் "டக், டக்" என்ற சத்தம் மட்டும் வருகிறதா? இன்ஜின் முக்கி முனகுகிறதா? ஹெட்லைட்டும் மங்கினால் பெரும்பாலும் பாட்டரி விவகாரம்தான். உடனே புதுசு வாங்க ஓடாதீங்க! பாட்டரியின் இரண்டு முனைகளிலும் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது. கையுறை போட்டுக்கொண்டு மைனஸ் ஒயரை முதலில் கழற்றுங்கள், பிறகு பிளஸ். பாட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடா கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். (சமையலறைச் சாமான் எங்கெல்லாம் உதவுகிறது பாருங்கள்!) துடைத்துக் காயவிட்டு, பிளஸை முதலில் மாட்டி, மேலே வாஸலின் தடவுங்கள். இருட்டாக இருக்கிறதென்று தீக்குச்சி மட்டும் கிழிக்கவே கூடாது. பாட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கும்.

இன்ஜின் ஜோராகச் சுற்றியும் பற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறதா? பெட்ரோல் வாசனை குப்பென்று அடித்தால், சோக்கை இழுத்து இழுத்தே மூச்சுத் திணற வைத்திருப்பார்கள். சோக்கை உள்ளே தள்ளிப் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி சாவியைத் திருப்புங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், ஸ்டார்ட்டர் சூடாகிவிடும். வாசனையே இல்லையென்றால் டாங்க்கில் பெட்ரோல் இருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீங்க, பழைய காரில் முள்ளை நம்ப முடியாது! மழைக்காலமானால் டிஸ்டிரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோத்திருக்கும். சாவியை எடுத்துவிட்டு, மூடியைக் கழற்றிக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

ஒன்று மறக்கக் கூடாது. ஷெட் கதவு மூடியிருக்கும்போது இன்ஜினை ஓட விடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது; உயிரையே குடித்துவிடும். குழந்தைகள் பக்கத்திலேயே வர வேண்டாம்.

இத்தனைக்கும் மசியவில்லையா? மெக்கானிக்கிடம் "வண்டி ஓடலைப்பா" என்று மொட்டையாகச் சொல்லாமல், "இன்ஜின் சுத்துது, பெட்ரோல் இருக்கு, ஆனா பத்தலை" என்று சொல்லிப் பாருங்கள். வேண்டிய சாமானோடு வருவார்.