காய்ச்சல் வாரத்தில் ராஜினாமா வேண்டாம்

கார்த்திகை தீபம் முடிந்து பனி இறங்கியதும் பல வீடுகளில் இது தொடங்கிவிடும். குழந்தைக்கு முதல் நாள் மூக்கொழுகல், அடுத்த நாள் இருமல், மூன்றாம் நாள் காய்ச்சல். பள்ளியிலிருந்து அழைப்பு வருகிறது; வருவது அம்மாவின் கைபேசிக்கு. மேலாளரிடம் தயங்கித் தயங்கி அனுமதி கேட்டுக்கொண்டு அவர் கிளம்புகிறார். ஒரு வாரத்தில் குழந்தை தேறிவிடும். அதற்குள் அதே சளி தங்கைக்கோ தாத்தாவுக்கோ ஒட்டிக்கொள்ளும். மறுபடியும் அம்மாதான் விடுப்பு எடுப்பார். தை பிறப்பதற்குள் இருந்த விடுப்பெல்லாம் தீர்ந்து, "இனிமே என்னால முடியாது, வேலைய விட்டுடறேன்" என்று ஒரு ராத்திரி சொல்லிவிடுவார்.

இதைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். வங்கியில் இருந்தவர், தனியார் பள்ளி ஆசிரியை, மென்பொருள் நிறுவனத்தில் ஓர் அணியையே நடத்தியவர், ஏற்றுமதி ஆடை ஆலையில் தரம் பார்த்தவர் என்று எல்லா வகையினரும் சொல்லியிருக்கிறார்கள். ஒருவருக்கும் வேலை கசந்து போகவில்லை. மாமியாரோ கணவரோ போகக் கூடாது என்று தடுக்கவும் இல்லை. "பிள்ளைக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமப் போகுது, நான்தானே பாக்கணும்" என்பதுதான் எல்லோரும் சொன்ன காரணம். அவர் மட்டும்தான் பார்க்க வேண்டுமா என்று அந்த வீடுகளில் யாரும் கேட்கவில்லை.

மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நமக்குத் தெரிந்ததையே எண்ணில் சொன்னது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் யாரையாவது கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார்கள், ஆண்களில் 21.4 சதவீதம். இது எல்லா நாளும் சேர்ந்த சராசரி. காய்ச்சல் வாரத்தை மட்டும் தனியாக எடுத்துக் கணக்கிட்டால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அதனால் இது மற்ற மாநிலங்களைவிட நமக்கு நெருக்கமான விஷயம்.

முதலில் சளியைப் பற்றிய ஒரு மருத்துவ உண்மையை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சின்னக் குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. ஒவ்வொரு முறையும் ஏழிலிருந்து பத்து நாள் நீடிக்கும். இருமல் இன்னும் சில நாள் இழுக்கும். சளி உண்டாக்கும் ரைனோவைரஸில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்றுக்கு எதிர்ப்பு வந்தாலும் அடுத்தது புதிதாகத்தான் வரும். வயது ஏற ஏற இது தானாகக் குறையும். அமெரிக்காவின் டூசான் நகரில் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், சிறு வயதில் காப்பகத்தில் வளர்ந்தவர்களுக்கு அப்போது சளி அதிகமாகவும், பள்ளி வயதில் குறைவாகவும் வந்தது தெரிந்தது. "நீ வேலைக்குப் போறதாலதான் பிள்ளை சீக்கா கெடக்கு" என்று உறவுக்காரர் சொல்லும்போது அந்தத் தாய் குன்றிப்போகிறார். அந்தச் சொல் முழு உண்மையல்ல. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தாலும், பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குச் சளி வரத்தான் செய்யும்.

அடுத்தது விடுப்புக் கணக்கு. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஓராண்டு வேலை பார்த்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுப்பும், உடல்நலக் குறைவுக்கு 12 நாளும், வேறு நியாயமான காரணங்களுக்கு 12 நாளும் தருகிறது. உடல்நல விடுப்பு வேலை பார்ப்பவரின் உடம்புக்குத்தான். பிள்ளையின் காய்ச்சலுக்கு அதில் இடமில்லை. மத்திய அரசின் பெண் ஊழியருக்குப் பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. தனியார் துறையில் சட்டப்படி அப்படி ஒன்று கிடையாது. எட்டுச் சளிக்கு மும்மூன்று நாள் என்று வைத்தாலே 24 நாள் ஆகிறது. ஒருவருடைய விடுப்பு இதிலேயே முழுதும் தீர்ந்துவிடும். இரண்டு பேருடைய விடுப்பில் தாராளமாக அடங்கும். நான் சொல்ல வந்ததே இதுதான். குளிர்காலத்தில் நடக்கும் ராஜினாமாக்களில் பெரும்பகுதிக்குக் காரணம் நோய் இல்லை. ஒரே ஆளின் விடுப்பேட்டில் மொத்த வீட்டின் நோயையும் ஏற்றிவைக்கும் வழக்கம்தான் காரணம்.

பாட்டி இருக்கிறாரே, அவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்பார்கள். பாட்டிக்கு 68 வயது, சர்க்கரை, கூடவே இளைப்பு என்றால் காய்ச்சலடிக்கும் பேரனை நாள் முழுக்க அவர் மடியில் விடுவது சரியல்ல. பிள்ளைக்குச் சில நாளில் தீரும் ஃப்ளூ, முதியவருக்கு நிமோனியாவாகி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். உதவிக்குப் பாட்டி இருக்கலாம். பொறுப்பு பெற்றோர் இருவருக்கும்தான்.

நோயை முழுவதும் தடுக்க முடியாது, குறைக்க முடியும். தில்லியில் ஃப்ளூ ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை உச்சத்தில் இருக்கும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது ஏறுகிறது. ஆகவே தடுப்பூசியை ஐப்பசி அடைமழைக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்; ஊசி வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் பிடிக்கும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் இதைப் போடச் சொல்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம். முதல் முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை என்பதால் பல வீடுகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அறுபது தாண்டியவர்களும், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

நம் வீட்டு வழக்கங்கள் சிலவற்றை விட்டுவிட வேண்டும். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு சாம்பிராணி போடுவது பாட்டிமார் அன்போடு செய்வது. ஆனால் அந்தப் புகை சின்ன நுரையீரலை அரிக்கிறது, இருமலை வளர்க்கிறது. பனி என்று ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு உள்ளே கொசுவர்த்திச் சுருளை எரிப்பது அதைவிட மோசம். கொதிக்கும் பாத்திரத்தின் முன் குழந்தையை உட்காரவைத்து ஆவி பிடிக்கும்போது வெந்நீர் கொட்டிப் பட்ட காயத்தோடு வரும் பிள்ளைகளை ஆஸ்பத்திரிகள் அடிக்கடி பார்க்கின்றன. கற்பூரம் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்குக் கீழே தடவக் கூடாது. தேன் ஒரு வயதுக்குக் கீழே கூடாது. போன முறை மிஞ்சிய ஆன்டிபயாடிக்கை எடுத்துக் கொடுப்பதில் பயனே இல்லை. அது வைரஸைக் கொல்லாது.

இன்ஹேலரைப் பற்றியும் சொல்ல வேண்டும். "பழகிப் போயிடும்" என்று பயந்து எத்தனையோ வீடுகளில் அதைப் பரணில் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து வரும் மருந்து மைக்ரோகிராம் அளவில் நேரே நுரையீரலுக்குப் போகிறது. அதே மருந்து மாத்திரையாக உள்ளே போகும்போது அளவும் பக்கவிளைவும் அதிகம். டாக்டர் தினமும் எடுக்கச் சொன்ன இன்ஹேலரை மார்கழி முடியும் வரை ஒரு நாளும் விடாமல் எடுத்தால் நள்ளிரவில் நெபுலைசருக்கு ஓடும் அலைச்சல் பெரிதும் குறையும். அம்மாக்களின் விடுப்பைத் தின்பதும் அந்த அலைச்சல்தான்.

குளிர் அதிகாலையில் புகை மேலே போகாது. தரையோடு படிந்து நிற்கும். 2018 போகியன்று அந்தப் புகையால் சென்னையில் விமானங்களே தாமதமாயின. பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிப்பதை நிறுத்தினால் தை மாத வீசிங் எவ்வளவோ குறையும். தாத்தாக்கள் விடியற்காலை ஐந்து மணி நடையை வெயில் வந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது. குளிரில் ரத்தக் குழாய் சுருங்கி அழுத்தம் ஏறுகிறது. மாரடைப்பு அதிகம் வருவதும் காலை வேளையில்தான்.

எப்போது பயப்பட வேண்டும் என்பது தெரிந்தால் எல்லா இருமலுக்கும் அலுவலகத்திலிருந்து ஓடிவர வேண்டியதில்லை. குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு குழிந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. டெங்குவும் இதே மழையோடுதான் வருகிறது. காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலியும் விடாத வாந்தியும் வந்தால் அதுதான் ஆபத்தான நேரம். மூச்சை எண்ணும் வேலையை அப்பாவும் கற்றுக்கொள்ளலாம். கைபேசியில் கடிகாரம் இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் வேலையை விடுவது என்று முடிவானால், விடலாம். சில வேலைகள் மனிதரைப் பிழிந்து எடுக்கின்றன. அதிலிருந்து வெளியே வருவது நல்ல முடிவுதான். ஆனால் ராஜினாமாக் கடிதம் பிள்ளைக்கு 102 டிகிரி அடிக்கும் ராத்திரியில் எழுதுவதற்கு உரியதல்ல. முதலில் சம்பளமில்லா விடுப்பையும் சில நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதியையும் எழுத்தில் கேளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்பது மகப்பேறு பயன் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்த விதி. இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

விடுவதற்கு முன் காப்பீட்டைப் பாருங்கள். நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதில் அம்மா அப்பாவையும் சேர்த்திருந்தால் அவர்களும் அன்றே காப்பில்லாமல் நிற்பார்கள், அதுவும் நோய்க்காலத்தின் நடுவில். புதிதாகத் தனிக் காப்பீடு எடுத்தால் விபத்து தவிர மற்ற நோய்களுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு. ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை போகலாம். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் திட்டத்துக்கு மாறிக்கொண்டால் குழுத் திட்டத்தில் கழிந்த காலம் கணக்கில் சேரும். ஆகவே கடைசி நாளுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். தனிநபர் காப்பீட்டின் மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. பெற்றோரின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வழியாக வீட்டுக்கே வரும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குள் 78 நாளுக்குச் சந்தா போயிருந்தால், டிசம்பரில் வேலையை விட்டாலும் ஜனவரியிலிருந்து ஜூன் வரை மருத்துவப் பலனுக்குத் தகுதி உண்டு. அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பணிக்கொடைக்குப் பொதுவாக 5 ஆண்டு தொடர்ந்த பணி வேண்டும். ஓராண்டுக்கு 15 நாள் ஊதியம் என்பது கணக்கு. நான்கு ஆண்டும் 240 நாளும் முடித்தவருக்கும் அது உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. நாலரை ஆண்டில் இருக்கும் ஒருவர் ஒரு சளிக்காலத்தின் அவசரத்தில் அதை இழந்துவிடக் கூடாது. வருங்கால வைப்பு நிதியை எடுத்துச் செலவழிக்காமல் அப்படியே வையுங்கள். 5 ஆண்டுக்குள் எடுத்தால் வரி உண்டு, 10 ஆண்டுப் பணி சேர்ந்தால் ஓய்வூதியம் உண்டு. பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு திரும்ப வேலைக்கு வரும்போது அதே கணக்கு எண்ணில் தொடரலாம். ரிலீவிங் லெட்டரை மறக்காமல் வாங்குங்கள். திரும்பி வரும் நாளில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

அப்பாக்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் பள்ளி டைரியில் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய முதல் எண் என்ற இடத்தில் உங்கள் எண்ணை எழுதுங்கள். அழைப்பு வரும் அன்று நீங்கள் போங்கள். மறுநாள் யார் விடுப்பு எடுப்பது என்பதை அன்று இரவே இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். இந்தப் பனிக்காலத்திலேயே தொடங்குங்கள்.