வசந்தமும் காமிராவும்

சென்ற சித்திரையில் நண்பர் ஒருவர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். கூடத்துச் சுவரில் அழகிய காலண்டர் ஒன்று தொங்கிற்று. ஏப்ரல் மாதப் படத்தில் பனி மூடிய மலை. அதன் அடிவாரத்தில் இளஞ்சிவப்பாய்ப் பூத்துக் குலுங்கும் செர்ரி மரங்கள். கீழே 'வசந்த காலம்' என்று அச்சிட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே நண்பர் வீட்டுக் கொன்றை மரம் சரம் சரமாகப் பொன்னைத் தொங்க விட்டுக்கொண்டு நின்றது. வீட்டுக் குழந்தையை அழைத்து, "வசந்தம் எங்கே, காட்டு" என்றோம். குழந்தை சற்றும் தயங்காமல் சுவரிலிருந்த படத்தைக் காட்டிற்று.

குழந்தையைக் குறை சொல்வதில் பயனில்லை. எந்த வசந்தத்தைப் படமாக்கி நாம் மாட்டி வைத்தோமோ, அந்த வசந்தத்தையே அது அறியும். குளிர் தேசங்களில் வசந்தம் பனி உருகுவதோடு வருகிறது. நமது நாட்டிலோ வெயிலோடு வருகிறது. மாசியிலும் பங்குனியிலும் புரசு இலையெல்லாம் உதிர்த்துவிட்டுத் தீப்பிடித்தாற்போல் பூக்கிறது. அரசும் மாவும் செம்பு நிறத் தளிர் விடுகின்றன. புங்க மரத்தின் புதிய பசுமையைப் பார்த்தால் கண் குளிரும். பின்னர் வேம்பு பூத்துத் தெருவெல்லாம் மணக்கிறது; சித்திரை வைகாசியில் கொன்றை கொடி கட்டுகிறது. இவ்வளவும் நமது வாசலிலே நடக்க, நமது படங்களில் மட்டும் இவற்றைக் காணோம். காமிரா எந்த தேசத்தில் செய்யப்பட்டதாயினும் சரி, கண் நம்முடையதாக இருக்கவேண்டாமா?

முன்னாட்களில் ஒரு சுருள் பிலிமில் எட்டோ பன்னிரண்டோ படங்கள்தாம் எடுக்கலாம். ஆகவே எடுப்பவர் பல முறை யோசித்து எடுத்தார். இன்று கைப்பேசியிலேயே காமிரா இருக்கிறது. ஒரு காலைப் பொழுதில் நூறு படம் எடுத்துவிடலாம். நூறில் ஒன்றாவது மனத்தில் நிற்கிறதா என்றால், அதுதான் இல்லை. இதற்குப் பரிகாரம் விலையுயர்ந்த கருவி அன்று. ஒரே மரத்தை நாடிப் பல நாள் செல்வதுதான்.

நேயர்கள் தங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். வேம்பாயினும் முருங்கையாயினும் குற்றமில்லை. முதல் மூன்று நாள் படமே எடுக்க வேண்டாம். எந்தக் கிளையில் முதலில் வெயில் படுகிறது, எந்தப் பறவை எந்த நேரத்தில் வருகிறது, எந்தப் பக்கத்தில் மின்சாரக் கம்பி குறுக்கிடுகிறது என்பனவற்றை மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நாலாம் நாள் காமிராவைக் கையில் எடுக்கும்பொழுது பாதி வேலை முடிந்திருக்கும்.

இனி ஒளியைப் பற்றி. சித்திரையில் சூரியன் உச்சி வேளையில் நமது தலைக்கு நேரே வந்து நிற்கிறான். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ந் தேதி வாக்கிலும், சென்னையில் ஏப்ரல் 24-ந் தேதி வாக்கிலும், நட்டு வைத்த கம்புக்கு நடுப்பகலில் நிழலே விழுவதில்லை. பொருளின் திரட்சியை எடுத்துக் காட்டுவது பக்கவாட்டில் விழும் நிழலே. அது இல்லாத நேரத்தில் எடுத்த கொன்றைப் பூ, மஞ்சள் காகிதத்தை வெட்டி ஒட்டினாற்போல் தட்டையாகத் தோன்றும். ஆகையால் காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட பொழுதே படத்துக்கு உரிய பொழுது. அப்பொழுது வெயில் சாய்ந்து விழுகிறது. காற்றும் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள் என்பது பழைய விதி. அரசந்தளிருக்கு மட்டும் இவ்விதியை மாற்றிக்கொள்ள வேண்டும். தளிருக்குப் பின்னால் சூரியன் இருக்கும்படி நின்று பாருங்கள். இலையின் நரம்பு ஒவ்வொன்றும் ஒளி பாய்ந்து தெரியும். லென்ஸின் மீது வெயில் நேராக விழாதவாறு கையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டால் போதும்.

வெயில் ஏறிய பிறகு ஒரு பூவைப் படம் பிடித்தே தீரவேண்டுமென்றால், மெல்லிய வெள்ளை வேஷ்டி ஒன்று கைகொடுக்கும். வீட்டுப் பிள்ளைகள் இருவர் அதைப் பூவுக்கும் சூரியனுக்கும் இடையே விரித்துப் பிடிக்கட்டும். துணியில் வடிந்து வரும் ஒளி, மேகம் மூடிய நாளின் ஒளியைப் போல் மென்மையாக இருக்கும்.

காமிராவின் கணக்கில் ஒரு பிழை உண்டு. அதையும் அறிந்து வைத்திருப்பது நலம். தான் காணும் காட்சியை அது கறுப்பும் அன்று, வெளுப்பும் அன்று, நடுத்தரமான சாம்பல் நிறம் என்று பாவித்துக்கொண்டு ஒளியை அளக்கிறது. கரும்பச்சை இலைகளின் நடுவே சிறிய வெள்ளைப் புன்னைப் பூ இருந்தால், இருளைக் கண்டு மிகுதியாக ஒளியை உள்ளே விட்டுவிடும். பூவின் இதழ்கள் வெறும் வெள்ளைத் திட்டாய்ப் போகும். அங்கே ஒளியைக் குறைக்க வேண்டும். வெளுத்த வானத்தை ஒட்டிய கிளையில் கருங்குயில் உட்கார்ந்திருந்தால் நேர்மாறான பிழை நேரும்; குயில் மைக்கறையாகிவிடும். அங்கே ஒளியைக் கூட்டினால்தான் அதன் சிவந்த கண் தெரியும். கைப்பேசிகளிலும் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் வசதி உண்டு. அதை ஒரு முறை தேடிக் கண்டுபிடித்துப் பழகிக்கொள்ளுங்கள்.

காற்றில் ஆடும் பூவுக்கு ஷட்டர் வினாடியில் 250-ல் ஒரு பங்காவது வேகமாக இயங்கவேண்டும். சிறகடிக்கும் தேன்சிட்டுக்கு 1000-ல் ஒரு பங்கும் போதாமல் போகலாம். அது ஒரு கணம் பூங்கொத்தில் அமரும்வரை பொறுத்திருப்பதே எளிது. தாழ்ந்த செடியை நின்றபடியே குனிந்து எடுக்காதீர்கள். மண்டியிட்டு, பூவின் உயரத்துக்கு இறங்குங்கள். பின்புறத்தில் குப்பைத் தொட்டியோ துணி உலர்த்தும் கொடியோ தென்பட்டால் இரண்டடி நகர்ந்தால் தீர்ந்தது.

பறவைகளைத் துரத்திப் படம் பிடித்தவர் எவரும் நல்ல படம் எடுத்ததாக நாம் அறியோம். கல்யாண முருங்கை பூத்திருக்கும் காலத்தில், அதற்குச் சற்றுத் தள்ளி நிழலில் உட்கார்ந்துவிடுங்கள். மைனாவும் கரிச்சானும் காகமும் தேன் குடிக்கத் தாமே வந்து சேரும். அசையாமல் இருந்தால் சிறிது நேரத்தில் உங்களை மறந்தும் போகும். இங்கிலாந்தில் கீயர்ட்டன் சகோதரர்கள் 1895-ல் பறவைக் கூடுகளைப் பற்றி முழுதும் புகைப்படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார்கள். பறவைகள் மிரளாதிருக்க, உள்ளே குடைந்த எருதின் பொய்யுடல் ஒன்றைச் செய்து அதற்குள் ஒளிந்திருந்தும் படமெடுத்தார்கள்! நமது நாட்டிலும் இத்தகைய பொறுமைசாலி ஒருவர் இருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912–1996) பழைய உறுப்புக்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கனத்த காமிராவைச் சுமந்து காடுகளில் அலைந்தார். வர்ணம் இல்லாத கறுப்பு வெள்ளைப் படங்களிலேயே இந்நாட்டு யானைகளையும் மான்களையும் உயிரோடு நிறுத்தினார்.

இவ்வளவு உபதேசம் செய்யும் நாம் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எமது வீட்டு மருதாணி வேலியில் சின்னான் என்னும் கொண்டைக் குருவி கூடு கட்டியிருந்தது. சிறு கிண்ணம் போன்ற அக்கூட்டில் செம்புள்ளிகள் கொண்ட மூன்று முட்டைகள். இலைகள் மறைத்தமையால் படம் தெளிவாக விழவில்லை. தாய்ப்பறவை அகன்ற சமயம் பார்த்து இரண்டு கிளைகளை நறுக்கினோம். காலை வெயில் நேரே கூட்டில் விழுந்தது. படம் வெகு நேர்த்தியாக அமைந்தது. மறுநாள் விடியற்காலையில் வேலியின் மேல் காகம் ஒன்று உட்கார்ந்திருந்தது. கூட்டில் ஒன்றும் இல்லை. சின்னான்கள் இரண்டும் அன்று முழுவதும் கத்திக்கொண்டு வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தன.

அந்தப் படத்தை வகுப்பில் மாணவர்களுக்குக் காட்டினோம். எல்லோரும் வியந்தார்கள். கடைசிப் பெஞ்சிலிருந்த பையன் ஒருவன் மட்டும், "குஞ்சு பொரித்ததா, ஸார்?" என்று கேட்டான். உண்மையைச் சொன்னோம். வகுப்பு முழுவதும் மௌனமாகிவிட்டது. அந்த மௌனம் எமக்குக் கற்பித்ததை எந்தப் புகைப்பட நூலும் கற்பிக்கவில்லை.

1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் கலைப்பதை 'வேட்டை' என்ற சொல்லின் பொருளிலேயே சேர்த்திருக்கிறது. துப்பாக்கியைத் தொட்டறியாத நாமும் அன்று வேட்டையாடினவர்களே. ஆகவே நேயர்களை வேண்டிக்கொள்கிறோம்: கூட்டைக் கண்டால் விலகிச் செல்லுங்கள். கிளையை ஒடிக்காதீர்கள், மறைப்பை நீக்காதீர்கள். பறவை உங்களைக் கண்டு கத்தினால், அது உங்களைப் போகச் சொல்கிறது என்று அறிந்து போய்விடுங்கள். வசந்தத்தில் படமெடுக்கக் கூட்டைத் தவிர ஆயிரம் பொருள்கள் உண்டு.

நண்பர் வீட்டுக் கொன்றைக்கு நாலு காலைப் பொழுதுகள் சென்றோம். ஐந்தாம் நாள் எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு அவரிடம் கொடுத்தோம். அது இப்பொழுது காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. குழந்தை அதைப் பார்த்துவிட்டு, "இது நம் வீட்டு மரம் அல்லவா?" என்று கேட்டதாம். வரும் பங்குனியில் உங்கள் வீட்டுக் குழந்தையும் அவ்வாறு கேட்குமாறு செய்யுங்கள். மரம் தயாராகவே நிற்கிறது.