ஓயாமல் அடித்த மணி

கோவில் மணி உரிய காலத்தில் அடித்தால் ஊருக்கு நன்மை. இரவு பகல் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் ஊரார் கதி என்ன? நம் உடலிலும் அத்தகைய மணி ஒன்று உண்டு.

உயிரணுக்களில் சாதாரணமாக 23 ஜோடி குரோமோஸோம்கள் இருக்கின்றன. அவற்றுள் 9-வது குரோமோஸோமில் அமைந்திருப்பது 'ஏபிஎல்-1' என்னும் ஜீன். அதன் கட்டளைப்படி உருவாகும் என்ஸைம், 'வளர்க, பெருகுக' முதலான செய்திகளை உயிரணுவுக்குள் கடத்துவதில் பங்கு கொள்கிறது. ஏடிபி என்ற சக்திப் பொருளிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு புரதத்தின்மேல் ஏற்றுவதே அதன் தொழில். பாஸ்பேட் ஏறியதும் செய்தி மேலே செல்லும். மற்ற வேளைகளில் அந்த என்ஸைம் தன்னைத் தானே மடித்துக்கொண்டு அடங்கியிருக்கும். அந்த அடக்கத்தில்தான் நமது க்ஷேமம் இருக்கிறது.

1960-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்போர்டு என்னும் இருவர், ஒரு வகை ரத்தப் புற்றுநோய் கண்டவர்களின் அணுக்களில் வழக்கத்துக்கு மாறாகச் சிறுத்துப்போன குரோமோஸோம் ஒன்றைக் கண்டார்கள். அது சிறுத்த காரணம் 1973-ல்தான் தெரிந்தது. சிகாகோவைச் சேர்ந்த ஜானட் ரௌலி அம்மையார், குரோமோஸோம்களின் படங்களைக் கத்தரித்துத் தம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி ஆராய்ந்தவர். 9-வது குரோமோஸோமும் 22-வது குரோமோஸோமும் முறிந்து துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதை அவர் கண்டறிந்தார். இவ்விதம் இடம் பெயரும் ஏபிஎல் ஜீன், 'பிஸிஆர்' என்ற ஜீனுடன் ஒட்டிக்கொள்கிறது என்பது பின்னர் வெளியாயிற்று. இக்கலப்பில் பிறக்கும் என்ஸைமுக்கு அடங்கத் தெரியாது. மணி ஓயாமல் அடிக்கிறது. வெள்ளை அணுக்கள் கணக்கின்றிப் பெருகுகின்றன.

ஏடிபி வந்து அமரும் குழியில் தானே போய் அமர்ந்து, அந்த மணியை நிறுத்தும் மருந்து இமாடினிப். 2001-ல் அமெரிக்க சர்க்கார் அதை அனுமதித்தது. ஆரம்பத்திலேயே அதை உட்கொண்ட நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆராய்ச்சியில், ஐந்து ஆண்டு முடிவில் நூற்றுக்கு 89 பேர் உயிரோடு இருந்தார்கள்.

ஆனால் விலை? ஸ்விட்ஸர்லாந்துக் கம்பெனியான நோவார்ட்டிஸின் மருந்துக்கு அந்நாளில் மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆயிற்று; நம் நாட்டுக் கம்பெனிகள் செய்ததற்குச் சுமார் பத்தாயிரம் ரூபாய்தான் ஆயிற்று. நோவார்ட்டிஸ் பல நோயாளிகளுக்கு இலவசமாக வழங்கியதும் உண்மையே. எனினும் தானம் வேறு, உரிமை வேறு அல்லவா?

மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு அக்கம்பெனி கேட்ட பேடண்டை 2006-ல் சென்னைப் பேடண்டு அலுவலகம் மறுத்தது. தெரிந்த பொருளின் புது வடிவம், குணப்படுத்துவதில் மேம்பட்டிருந்தாலன்றிப் பேடண்டுக்கு உரியதாகாது என்பது நம் நாட்டுச் சட்டம். அச்சட்டத்தையே எதிர்த்துத் தொடுத்த வழக்கை 2007-ல் சென்னை ஹைகோர்ட்டு தள்ளியது. 2013 ஏப்ரல் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் பேடண்டு கிடையாது என்று முடிவாகத் தீர்ப்பளித்தது.

மணியை நிறுத்தும் வித்தையை மேல்நாட்டு விஞ்ஞானிகள் கண்டார்கள். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அந்த வித்தையின் பயன் ஏழை வீட்டு வாயிலையும் எட்ட வேண்டும் என்று நின்ற நம் நாட்டுச் சட்டத்தையும் நாம் மறவாதிருப்போமாக.