பழைய கணிப்பொறிக்குப் புத்துயிர்

ஊராட்சி அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், பள்ளிக்கூடம் ஆகியவற்றில் மட்டுமன்றி, உழவர் பலரது இல்லங்களிலும் இன்று கணிப்பொறி இடம் பெற்றுவிட்டது. 2011-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவ மாணவியர்க்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளும் பல வீடுகளில் உள்ளன. ஆண்டுகள் சில கழிந்ததும் இவை மெல்ல இயங்கத் தொடங்குகின்றன. இனி இது உதவாது என்று மூலையில் போட்டுவிடுவோர் பலர். ஆனால், பல வேளைகளில் பழுது பொறியில் இல்லை. அதன் இயக்குதளத்தில்தான் இருக்கிறது.

இயக்குதளம் என்பது யாது?

கணிப்பொறியின் உறுப்புகள் அனைத்தையும் ஏவி வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளே இயக்குதளம் ஆகும். நாளடைவில் வேண்டாத மென்பொருள்களும் வைரஸ்களும் சேர்ந்து அதன் வேகத்தைக் கெடுக்கின்றன. களை மண்டிய வயலை உழுது புதிதாக விதைப்பது போல, வன்தட்டைத் துடைத்து இயக்குதளத்தை மீண்டும் நிறுவினால் பொறி புத்துயிர் பெறும்.

விண்டோஸ் 10-க்குப் பொதுவாக வழங்கி வந்த பாதுகாப்புத் திருத்தங்களை, அதனை உருவாக்கிய மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. நினைவகமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் தேவை. இவை இல்லாத பழைய பொறிகளுக்கு, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் வகைகள் ஏற்றவை. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இவ்வகையைச் சார்ந்ததே. எனினும், கணக்கு மென்பொருளும் மின்கையொப்பக் கருவியும் லினக்ஸில் இயங்குமா என்பதை முன்னரே தெரிந்துகொள்ளுதல் நலம்.

விதைநெல்லைக் காப்போம்

வன்தட்டைத் துடைத்தால் அதிலுள்ள அனைத்தும் போய்விடும். ஆகவே வரிக் கணக்குகள், தீர்மானங்கள், பயனாளிகள் பட்டியல், புகைப்படங்கள் ஆகியவற்றை வெளியில் இணைக்கும் இரு வேறு தட்டுகளில் படியெடுத்தல் வேண்டும். படியெடுத்தால் மட்டும் போதாது. வேறொரு கணிப்பொறியில் அவற்றைத் திறந்து பார்த்தலும் இன்றியமையாதது.

பலரும் மறப்பது எழுத்துருக்களை. 2010-ஆம் ஆண்டில் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்கும் முன்னர், பல அலுவலகங்களில் வெவ்வேறு எழுத்துருக்களில் தட்டச்சு செய்தனர். அந்த எழுத்துரு இல்லையேல் பழைய தீர்மானம் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். எனவே எழுத்துருக் கோப்புகளையும் உடன் எடுத்து வைத்தல் வேண்டும்.

நிறுவும் முறை

1. இயக்குதளத்தை அதன் உரிமையாளரின் அதிகாரபூர்வமான தளத்திலிருந்தே பெற்று, குறைந்தது 8 ஜி.பி. கொண்ட பென் டிரைவில் நிறுவல் வட்டாக அமைக்கவும். அதில் முன்பிருந்தவை அழிந்துவிடும்.

2. படிகள் உள்ள வெளித்தட்டுகளைக் கழற்றி வைக்கவும். தவறுதலாக அவற்றையே துடைத்துவிட்டவர்கள் உண்டு.

3. இடையில் மின்சாரம் நின்றால் வேலை கெடும். மடிக்கணினியை மின்னேற்றியுடன் இணைக்கவும். மேசைக் கணிப்பொறிக்கு யு.பி.எஸ். வேண்டும்.

4. பொறியைத் தொடங்கும்போதே எஃப்12, எஃப்9 போன்ற விசையை அழுத்தி, பென் டிரைவிலிருந்து தொடங்கச் செய்க. இவ்விசை பொறிக்குப் பொறி மாறுபடும்.

5. திரையில் காட்டப்படும் தட்டின் அளவைச் சரிபார்த்து, உரியதையே தேர்ந்து துடைத்து நிறுவுக.

6. பின்னர்ப் பாதுகாப்புத் திருத்தங்கள், அச்சுப்பொறி மற்றும் மின்கையொப்பக் கருவிக்கான மென்பொருள்கள், எழுத்துருக்கள் ஆகியவற்றைச் சேர்த்து, இறுதியாகக் கோப்புகளைத் திரும்ப வைக்கவும்.

பிறர்க்குக் கொடுக்கும்போது

பொறியை விற்கும்போது விரைவு முறையில் அழித்தால் மட்டும் போதாது. அது நூலின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போன்றது. பக்கங்கள் அப்படியே இருக்கும். மக்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் பிறர் கைக்குச் செல்ல நேரிடும். விண்டோஸின் மீட்டமைப்புப் பகுதியில், தட்டை முழுதும் துப்புரவாக்கும் தேர்வு ஒன்று உண்டு. அதற்கு நேரம் மிகுதியாக ஆகும். ஆயினும் அதனையே கைக்கொள்க. அலுவலகப் பொறியாயின், மேலதிகாரியின் எழுத்து மூலமான ஒப்புதல் பெற்ற பின்னரே தொடங்குதல் முறை.

ஊரின் கணக்கு மக்களின் சொத்து. பொறியைப் புதுப்பிக்கும் ஆர்வத்தில் அதனை இழந்துவிடலாகாது. கணிப்பொறி அறிந்த இளைஞர் இன்று ஊர்தோறும் உள்ளனர். அவர்களது துணையுடன் ஒரு நாள் முயன்றால், மூலையில் கிடக்கும் பொறி மேலும் சில ஆண்டுகள் ஊருக்கு உழைக்கும்.